உன்னதமான தண்ணீர்த் தொட்டி

(ரஷ்யாவின் யெகாதெரின்பர்க் நகரம், யூரல்மாஷ் ஆலைக் குடியிருப்பில் ஒரு சமையலறை. சுற்றுலா வழிகாட்டி வேலைக்கு நாளை நேர்முகத் தேர்வு, பேரன் ஒத்திகை பார்க்கிறான். முப்பது வருடம் ஆலையில் கிரேன் ஓட்டிய பாட்டி உருளைக்கிழங்கு உரிக்கிறாள்.)

பேரன்: அன்பார்ந்த விருந்தினர்களே! 1991 வரை ஸ்வெர்ட்லோவ்ஸ்க் என்று அழைக்கப்பட்ட இந்த மாநகரத்துக்கு...

பாட்டி: மாகாணத்துக்கு இன்னமும் அதே பெயர்தான், அதையும் சொல். ஊர்ப் பலகையோடு பெயின்ட் தீர்ந்துவிட்டது போல.

பேரன்: குறுக்கே பேசாதே பாட்டி. எதிரே தெரிவது வெள்ளைக் கோபுரம். 1929-31-ல் மொய்செய் ரெய்ஷர் வடிவமைத்துக் கட்டிய உன்னதக் கலைப்படைப்பு.

பாட்டி: தண்ணீர்த் தொட்டி.

பேரன்: கலைப்படைப்பு!

பாட்டி: சரி, உன்னதமான தண்ணீர்த் தொட்டி. எங்கள் காலத்தில் ஆலைப் பக்கம் படம் எடுக்கப் போனால் ஆளையே தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். வெளிநாட்டுக்காரன் ஊருக்குள்ளேயே வரமுடியாது, நீ யாருக்கு வழிகாட்டியிருப்பாய்?

பேரன்: 1933-ல் திறக்கப்பட்ட யூரல்மாஷ், மற்ற ஆலைகளுக்கு இயந்திரம் செய்துகொடுத்த ஆலை. போர்க்காலத்தில் டாங்கி...

பாட்டி: நடக்கும் மண்வாரியை விட்டுவிட்டாயே! வீடு மாதிரி இருக்கும், சக்கரம் கிடையாது, நிஜமாகவே அடியெடுத்து வைத்து நடக்கும். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு அனுப்பினால் உன் தாத்தா அதைவிட மெதுவாகத்தான் நடப்பார்.

பேரன்: அப்புறம் கலை. 1912-ல் திறந்த ஓபரா அரங்கம். நீ போயிருக்கிறாயா?

பாட்டி: போகாமல்? தொழிற்சங்கத்தில் டிக்கெட் கொடுப்பார்கள், ஷிப்ட் முடித்து நேரே போய் மெத்தென்ற நாற்காலியில் உட்கார்ந்தேன், அந்தப் பெண் பாடிக்கொண்டிருந்தாள், கண்ணை மூடித் திறந்தால் சாகக் கிடக்கிறாள், அப்போதும் பாடிக்கொண்டுதான் இருக்கிறாள். நடுவில் என்ன ஆனதென்று இன்றுவரை தெரியாது.

பேரன்: மெட்ரோவில் திரும்பியிருப்பாய்.

பாட்டி: எந்த மெட்ரோ? அது வந்ததே 1991 ஏப்ரலில். அப்போது மொத்தம் மூன்று நிலையம், மூன்றும் ஆலைப் பக்கம். வேலைக்குப் போகலாம், வேலையிலிருந்து வரலாம், ஓபராவுக்குப் போகமுடியாது. அந்தத் தொலைக்காட்சிக் கோபுரத்துக்கு மெட்ரோ தேவலை. 1983-ல் ஆரம்பித்தார்கள், முடிக்கவே இல்லை, 2018-ல் வெடிவைத்துச் சாய்த்துவிட்டார்கள்.

பேரன்: இதையெல்லாம் சொன்னால் எனக்கு வேலை கிடைக்காது பாட்டி.

பாட்டி: தண்ணீர்த் தொட்டியைக் காட்டத் தலைக்கு எவ்வளவு வாங்குவாய்?

பேரன்: ஐந்நூறு ரூபிள்.

பாட்டி: (கத்தியைக் கீழே வைத்து) என்னையும் கூட்டிப்போ. வருகிறவர்களில் யாராவது ஓபரா தெரிந்தவர் இருந்தால், அந்தப் பெண் ஏன் செத்தாள் என்று கேட்டுக்கொள்கிறேன்.