இருட்டறைக்கு வெள்ளை அடித்தால் போதுமா?

"வெளிச்சம் குறைந்த அறைக்குப் பளிச்சென்ற வெள்ளை அடியுங்கள், அறை பிரகாசமாகிவிடும்" என்று ஒரு குறிப்பு சுற்றி வருகிறது. இது பாதிதான் உண்மை.

நல்ல வெள்ளை பெயிண்ட் தன்மேல் விழும் ஒளியில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். சரி, விழுவதற்கே ஒளி இல்லையென்றால் எதைத் திருப்பி அனுப்பும்? மூலைகளில் நிழல் படிந்து, வெள்ளை அங்கே சாம்பலாகத்தான் தெரியும். லேசாக மஞ்சள் கலந்த கிரீம் நிறம் அவ்வளவு சோர்வாகத் தெரியாது. என்னைக் கேட்டால், முதலில் மாற்ற வேண்டியது பல்பைத்தான்.

அதிலும் கவனம் தேவை. பல்பு ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். 2700 கெல்வின் பல்பில் சுவர் மஞ்சளாகத் தெரியும். 6500 கெல்வினில் நீலம் ஏறும். அதனால் பெரிய அட்டையில் மாதிரி பெயிண்டை இரண்டு கோட் அடித்து, அந்த அறையிலேயே பகலிலும் இரவிலும் வைத்துப் பார்த்த பிறகு பெயிண்ட் வாங்குங்கள்.