விசுவமடு செய்த பாவம் என்ன?

நினைவக இடம் கேட்கும் மலொக்குக்குள், சொல்லின் நீளத்தைச் சொல்லும் ஸ்ட்ர்லென்னை மட்டும் போட்டுவிட்டு, அதோடு ஒன்றைக் கூட்டாமல் விடுகிறவர்களுடன் இனிக் கதைப்பதாக இல்லை. போதும்.

நெல் கொள்வனவுக்கு விவசாயிகளை ஊர்வாரியாகப் பதியும் சின்னப் புரோகிராம் அது. சி என்ற புரோகிராம் மொழியில் வேறொருவர் எழுதியது. கிளிநொச்சி என்று அடித்தேன், ஓடியது. பரந்தன், ஓடியது. மாங்குளம், முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பு, எல்லாம் ஓடின. விசுவமடு என்று அடித்தால் புரோகிராம் பாதியில் விழுகிறது! அதுவும் அந்த வரியில் இல்லை. எங்கேயோ தள்ளி, சம்பந்தமே இல்லாத ஏதோ நினைவகத்தை ஃப்ரீ செய்யும் (திருப்பிக் கொடுக்கும்) இடத்தில். அந்த ஃப்ரீயை இரண்டு இரவு குடைந்தேன். நடுவில் திரையில் காட்டச் சொல்லி ஒரு பிரிண்ட்எஃப் போட்டால் வேறு இடத்தில் விழுகிறது, எடுத்தால் பழைய இடத்திலேயே விழுகிறது. எழுதியவரைக் கேட்டால், "எனக்கு ஓடுதே தம்பி" என்கிறார். அவர் ஒருநாளும் விசுவமடு என்று அடித்துப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் கொப்பியில் எழுதி எண்ணினேன். விசுவமடு கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினி எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் உயிர்க்குறிகளையும் தனியாக எண்ணி எட்டுக் குறி, ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 24. ஸ்ட்ர்லென்னும் 24 என்றுதான் சொல்லும், சொல் முடிந்தது என்று காட்ட முடிவில் நிற்கும் பூச்சியத்தை அது எண்ணாது. ஆனால் சொல்லைப் படியெடுக்கும் ஸ்ட்ர்கொப்பி அதையும் சேர்த்து எழுதும். தேவை 25. 64 பிட் லினக்ஸில் 24 கேட்டால் மலொக்கை நடத்தும் ஜிலிப்சி என்ற நூலகம் மிச்சமில்லாமல் 24 தான் தருகிறது. பூச்சியம் வரம்பைத் தாண்டி, பக்கத்து நினைவகத் துண்டின் அளவைக் குறித்து வைத்திருக்கும் இடத்தில் விழுகிறது. கிளிநொச்சிக்கு 30 கேட்டால் 40 கிடைக்கும், பிழை அதற்குள் ஒளிந்துகொள்ளும். பரந்தனுக்கு 21 கேட்டால் 24. மற்ற ஊர்கள் எல்லாம் அந்த மிச்ச இடத்தில்தான் தப்பிக் கிடந்தன.

கம்பைல் பண்ணும்போது வரம்பு தாண்டுவதைப் பிடிக்கும் அட்ரெஸ் சானிடைசரைப் போட்டிருந்தால் கிளிநொச்சியிலேயே வரியைக் காட்டியிருக்கும். ஒருமுறைகூடப் போடவில்லை.

அதே ஃபைலில், அளவு கொடுத்துப் படியெடுக்கும் ஸ்ட்ர்என்கொப்பியும் இருக்கிறது, "பாதுகாப்பு" என்று பக்கத்தில் குறிப்பு வேறு. கொடுத்த அளவை மூலச் சொல் நிரப்பிவிட்டால் அது முடிவுப் பூச்சியத்தையே போடாது. என்ன பாதுகாப்பு? இன்னொரு இடத்தில், சொல்லின் முகவரியை மட்டும் வைத்திருக்கும் பொயின்டருக்கு, அளவு கேட்கும் சைஸ்ஆஃப். ஊர் எவ்வளவு நீளமானாலும் விடை 8 தான்.

சரி, எல்லா மலொக்கிலும் ஒன்றைக் கூட்டினேன். சேமிக்கக் கையை வைத்தேன், கரண்ட் போய்விட்டது. மழையும் இல்லை, காற்றும் இல்லை. பட்டப்பகலில் ஏன் ஐயா நிறுத்துகிறீர்கள்?