ஏற்புரைக்குப் பதினைந்து நிமிடம்

இன்னும் கோபம் அடங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு நூலக மண்டபத்தில் வரலாற்று நாவலாசிரியர் ஒருவருடன் சந்திப்பும் கலந்துரையாடலும் என்று அழைப்பிதழ் வந்தது. பின்னேரம் மூன்றரைக்கு என்று போட்டிருந்தார்கள். பிரதம விருந்தினர் வந்து சேரும்வரை மங்கல விளக்கை ஏற்றவில்லை. அவர் வந்தது நாலரைக்குப் பிறகு.

அப்புறம் தொடங்கியது பாருங்கள். ஆசியுரை, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள், நயப்புரை, பிரதம விருந்தினர் உரை. மேடையில் இருக்கிற அத்தனை பேரையும் பட்டம் பதவியோடு விளித்து முடிக்கவே ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம் போகிறது. ஒரு வாழ்த்துரைக்காரர் தன் பள்ளிக்கூடக் காலத்துக் கதையைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. நயப்புரை செய்தவர் நாவலை முதல் அத்தியாயத்திலிருந்து கடைசி வரை ஒப்புவித்தார், யார் யாரைக் காட்டிக்கொடுக்கிறார் என்பது உட்பட! புத்தகத்தை அன்றைக்குத்தான் வாசலில் காசு கொடுத்து வாங்கிய ஒரு அம்மா, "ஐயோ, உதை ஏன் இப்ப சொல்லுறார்" என்று வாய்விட்டே சொன்னார்.

நாவலாசிரியருக்குக் கிடைத்தது ஏற்புரை என்ற பெயரில் பதினைந்து நிமிடம். அவர் எழும்பும்போது பிரதம விருந்தினர் தன் ஆட்களோடு போய்விட்டார். எந்தெந்த ஆவணங்களைத் தேடிப் போனேன் என்று அவர் சொல்லத் தொடங்கிய இடத்தில் அறிவிப்பாளர் நேரம் முடிகிறது என்று ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார். அதுவரை நேரத்தைத் தின்ற ஒருவருக்கும் துண்டு போகவில்லை. யாரைக் கேட்க வந்தோமோ அவருக்குத்தான் போனது.

நான் கேட்க வைத்திருந்தது சின்னக் கேள்வி அல்ல. நாவல் யாழ்ப்பாணத்தை ஆண்ட அரசன் சங்கிலியனைப் பற்றியது. அந்த அரசர்களின் கதையை அறிய நாங்கள் எல்லோரும் கையில் எடுக்கும் யாழ்ப்பாண வைபவமாலை என்ற நூல் 1736 அளவில், ஒல்லாந்த அதிகாரி ஒருவர் கேட்டதற்கிணங்க மயில்வாகனப் புலவர் எழுதியது. போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசை வீழ்த்தியது 1619 இல். நூறு வருடத்துக்கும் மேல் பிந்திய நூல் அது. 1544 இல் மன்னாரில் மதம் மாறியவர்களைக் கொல்வித்த சங்கிலி ஒருவர், 1619 இல் தோற்றுக் கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்ட சங்கிலி இன்னொருவர். இடையில் 75 வருடம். வைபவமாலை இருவரையும் ஒரே ஆளாக்கிவிடுகிறது. மற்றப் பக்கம் போர்த்துக்கேயர் எழுதி வைத்தது வென்றவர்களின் கணக்கு. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நாவலாசிரியர் எதை எடுக்கிறார், எதை விடுகிறார், எந்த இடத்தில் கற்பனையை விட்டுப் பிடிக்கிறார்? நல்லூரில் அந்த அரசோடு சேர்த்துச் சொல்லப்படும் மந்திரிமனையையும் யமுனா ஏரியையும் கடந்து போய்வருகிற எங்களுக்கு இது பரீட்சைக்குப் படிக்கிற விசயம் இல்லை. எங்கள் பிள்ளைகள் நாளைக்கு நாவலில் வருகிற சங்கிலியனைத்தான் உண்மைச் சங்கிலியன் என்று நம்பப் போகிறார்கள். அதனால்தான் எழுதியவரிடமே கேட்க வேண்டியிருந்தது.

எனக்குப் பக்கத்தில் பாடசாலைச் சீருடையோடு ஒரு பிள்ளை இருந்தாள். கொப்பியில் இலக்கம் போட்டுக் கேள்விகளை எழுதிக்கொண்டு வந்திருந்தாள். அவள் கையை உயர்த்தவும், நேரம் போதாமையால் கலந்துரையாடல் இடம்பெறாது, எல்லோரும் தேநீர் அருந்திச் செல்லுங்கள் என்று ஒலிவாங்கியில் சொன்னார்கள். பொன்னாடை போர்த்த நேரம் இருந்தது. ஒவ்வொரு பொன்னாடைக்கும் நின்று படம் எடுக்க நேரம் இருந்தது. அந்தப் பிள்ளைக்கு இரண்டு நிமிடம் இல்லை. கொப்பியை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, ரோல்ஸ்கூட எடுக்காமல் பஸ்ஸுக்கு ஓடினாள்.

இதில் எனக்கு மிகவும் வயிறு எரிந்தது என்ன தெரியுமா? மேடையேறிய பலரும் 1981 ஐப் பற்றிக் கதைத்தார்கள். யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்துபோன சுமார் 97,000 நூல்களையும் ஓலைச்சுவடிகளையும் சொல்லிக் குரல் தழுதழுத்தார்கள். அந்த இழப்பு எங்கள் எல்லோருக்கும் ஆறாத இழப்பு. ஆனால் அதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியவர்களே, கேள்வி எழுதிக்கொண்டு வந்த ஒரு வாசகியை வாய் திறக்க விடாமல் அனுப்பினார்கள். பிறகு, இளம் ஆட்கள் வாசிப்பதில்லை, கூட்டத்துக்குச் சனம் வருவதில்லை என்று அடுத்த மேடையில் இதே ஆட்கள்தான் புலம்பப் போகிறார்கள். வந்த சனத்தை என்ன செய்தீர்கள்?

எழுத்தாளரை முதலில் பேச விடுங்கள், ஒரு முக்கால் மணித்தியாலம். அடுத்தது கேள்விகள். மிச்ச நேரத்தில் வாழ்த்துங்கள், பொன்னாடை போர்த்துங்கள், எத்தனை படம் வேண்டுமானாலும் எடுங்கள். அதற்கும் மனமில்லையென்றால் வாசகருக்கு அழைப்பிதழ் அனுப்பாதீர்கள். உங்களுக்குள்ளேயே விழாவை வைத்துக்கொள்ளுங்கள்.