முழங்கைக்கு எட்டாத அடுப்பு மேடை

ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்தில் வீடு கட்டிக் குடிவந்து மூன்று வருஷம் ஆகிறது. அம்மா இன்னும் மணைப்பலகை மேல் ஏறி நின்றுதான் குழம்பு கிண்டுகிறார்.

மேடை உயரம் 2 அடி 10 அங்குலம். "எல்லா வீட்லயும் இதான் சைஸ் தம்பி" என்றார் கொத்தனார். நானும் தலையாட்டினேன். அம்மாவோ 4 அடி 10 அங்குலம்தான். மேடை மேல் கேஸ் அடுப்பு நாலு அங்குலம், அதற்கு மேல் மீன் சட்டி. கரண்டி பிடித்தால் கை தோள் வரைக்கும் தூக்கிக்கொள்கிறது. கையை மடக்கி நின்றால் முழங்கைக்கு நாலு அங்குலம் கீழே மேடை வர வேண்டும். அடுப்பு வைக்கிற இடம் இன்னும் கொஞ்சம் தாழ்ந்தாலும் நல்லதுதான். இந்தக் கணக்கு வீடு முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அப்புறம் மீன். சிங்க் நின்று கழுவுகிறவர்களுக்கானது. எங்கள் பக்கம் மீன் ஆய்வது உட்கார்ந்து, அருவாமனையில். பழைய ஓலை வீட்டில் கொல்லைப்புறம் இருந்தது. புது வீட்டில் தரையோடு ஒரு குழாயும் நாலடிக்கு நாலடி இடமும் விட யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். சூடை மீன் வாங்கிய அன்று அம்மா குளியலறை வாசலில் உட்கார்ந்து செதில் எடுப்பார். மறுநாள் காலை தண்ணீர் போகிற ஜாலி அடைத்திருக்கும்.

பொது அளவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அரை அங்குலக் குழாயைப் பாம்பனில் வாங்கினாலும் ராமநாதபுரத்தில் வாங்கினாலும் மரை பொருந்துகிறது. உப்புக் காற்றில் குழாயும் கீலும் அரித்துக்கொண்டே இருக்கிற ஊரில் அது பெரிய நிம்மதி. குழாய் பொருந்த வேண்டியது இன்னொரு குழாய்க்கு. மேடை பொருந்த வேண்டியது அம்மாவுக்கு அல்லவா?

தேசியக் கட்டட விதிகளில் வசிக்கும் அறைக்கு 9.5 சதுர மீட்டர், அகலம் 2.4 மீட்டர் என்று இருக்கிறது. அது இதற்குக் கீழே போகாதே என்று போட்ட கோடு. நம் ஆட்கள் அந்தக் கோட்டிலேயே சுவரை எழுப்பிவிடுகிறார்கள். அரசின் கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் வீடு 360 சதுர அடி. குடிசைக்கு அது எவ்வளவோ மேல், மறுக்கவில்லை. ஆனால் கடலுக்குப் போகிற வீட்டில் வலையும் ஐஸ் பெட்டியும்கூடக் குடும்பத்தில் சேர்த்திதான். அதுகளுக்கு எங்கே இடம்?

தம்பி மண்டபத்தில் வீடு கட்டுகிறான், சுவர் எழும்பிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை அவன் சம்சாரத்தை அடுப்படிச் சுவரோரம் நிற்கவைத்து, கையை மடக்கச் சொல்லி, முழங்கைக்கு நாலு அங்குலம் கீழே கரிக்கட்டையால் ஒரு கோடு போட்டேன். 2 அடி 7 அங்குலம் வந்தது. கொத்தனார் சிரித்தார், அதே கொத்தனார்தான். கோட்டை அழித்துவிடாதீர்கள் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.