10 ஜிகாபிட் கார்டு போட்டும் பேக்கப் ஆமை வேகமா? ஜாப் லாக்கை (பதிவேட்டை) திறந்து பாருங்கள் ஐயா!

"விஎம் பேக்கப் ரொம்ப ஸ்லோவா இருக்கு. சாஃப்ட்வேர் சரியில்லை போல. வேற எது வாங்கலாம்?"

உதவி கேட்டு வருகிறவர்கள் எழுதும் இந்த வரியைப் படித்தாலே வயிறு எரிகிறது. (விஎம் என்பது ஒரு சர்வருக்குள் சாஃப்ட்வேராக ஓடும் கணினி.) விநாடிக்கு எத்தனை மெகாபைட் ஓடுகிறது? சொல்ல மாட்டார்கள். முழு பேக்கப்பா, மாறியதை மட்டும் எடுக்கும் இன்க்ரிமென்டலா? தெரியாது. டேட்டா எந்த வழியாக வெளியே வருகிறது? அப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது. ஆனால் புது லைசென்ஸுக்கு கொட்டேஷன் மட்டும் அன்றைக்கே வாங்கிவிடுவார்கள். காய்ச்சல் என்று வந்துவிட்டு நாடி பிடிக்கவே கை நீட்டாவிட்டால் எந்த வைத்தியர் என்ன மருந்து கொடுப்பார்?

இதைச் சின்ன விஷயம் என்று விட முடியவில்லை. ராத்திரி 10 மணிக்குத் தொடங்கிய பேக்கப் காலை 9 மணிக்கும் ஓடினால், விஎம்களை ஓட்டும் விஎம்வேரில் அந்த விஎம் மேல் எடுத்த ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து டிஸ்க் நிலையின் உறைபடம், திறந்தபடியே கிடக்கும். டேட்டாபேஸ் எழுதுவதெல்லாம் டெல்டா என்ற தனி ஃபைலில் போய்க் குவியும். பேக்கப் முடிந்ததும் அந்தக் குவியலை மூல டிஸ்கோடு சேர்க்கும் வேலை சரியாக அலுவலக நேரத்தில் தொடங்கும். விஎம் சில விநாடிகள் உறையும், பில் போடுகிறவர் திரை அப்படியே நிற்கும், எதிரே வரிசை நீளும். பேச்சு வாங்குவது ஷிஃப்டில் இருக்கும் பையன். அவன் என்ன தப்பு செய்தான்?

முதலில் ஒரு கணக்கு போடுங்கள். ராத்திரி 10 முதல் காலை 6 வரை 8 மணி நேரம், அதாவது 28,800 விநாடி. அதற்குள் 4 டெராபைட்டை முழுதாகப் படித்து முடிக்க விநாடிக்குச் சுமார் 139 மெகாபைட் வேண்டும். 1 ஜிகாபிட் லைனின் உச்சமே 125 மெகாபைட். நடைமுறையில் 110, மிஞ்சினால் 115. சுருக்கப்படாத டேட்டா அந்த லைன் வழியாக வந்தாக வேண்டுமென்றால், உலகத்தில் எந்த சாஃப்ட்வேரை வாங்கினாலும் இந்தக் கணக்கு பொருந்தாது. பிட்டுக்கும் பைட்டுக்கும் எட்டு மடங்கு வித்தியாசம் என்பதை மறந்துவிட்டு, "ஆயிரம் வர வேண்டிய இடத்தில் நூறுதான் வருகிறது" என்று சண்டைக்கு நிற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வேகம் சரியாக 11 மெகாபைட்டில் முட்டி நிற்கிறதா? சாஃப்ட்வேரைத் தொடவே வேண்டாம். நடுவில் ஏதோ ஒரு போர்ட் 100 மெகாபிட்டில் இணைந்திருக்கிறது. ஜிகாபிட்டுக்கு கேபிளின் நாலு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு ரெண்டு ஜோடி போதும். கிரிம்ப் செய்த முனையில் மற்ற ரெண்டு ஜோடியில் ஒரு கம்பி சரியாகக் கடிபடவில்லை என்றால் பெரும்பாலும் லிங்க் அறுந்து போகாது. 100-க்கு இறங்கி சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஸ்விட்சில் விளக்கும் எரியும், பிங்கும் போகும், 1 டெராபைட்டுக்கு 25 மணி நேரம் ஆகும். லினக்ஸ் என்றால் ஈத்டூல், விஎம்களைத் தாங்கும் சர்வரில் (ஹோஸ்டில்) ஓடும் விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்ஐ என்றால் ஷெல்லில் நெட்வொர்க் கார்டுகளின் பட்டியலைக் கேட்கும் கட்டளை, ரெண்டுமே லிங்க் வேகத்தை அப்படியே காட்டிவிடும். ஒரு நிமிட வேலை. அதைப் பார்க்காமல் மூன்று வாரம் சப்போர்ட் டிக்கெட்டில் மெயில் அனுப்பிக்கொண்டிருப்பதை நினைத்தால் ஆத்திரம் வராமல் என்ன செய்யும்?

விஎம் பேக்கப் நாலு கண்ணி கொண்ட சங்கிலி: படிக்கும் ஸ்டோரேஜ், அதைச் சுருக்கிக் கையாளும் ப்ராக்ஸி, நெட்வொர்க், கடைசியில் எழுதும் இடம். இதில் மந்தமான கண்ணியின் வேகம்தான் மொத்தத்தின் வேகம். வீம் என்ற பேக்கப் சாஃப்ட்வேர் வைத்திருக்கிறீர்களா? ஒவ்வொரு ஜாப் லாக்கிலும் சோர்ஸ் 99%, ப்ராக்ஸி 18%, நெட்வொர்க் 6%, டார்கெட் 2% என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். எது பெரிய எண்ணோ அங்கேதான் மற்றவை காத்துக் கிடக்கின்றன. அதே லாக்கில் ஒவ்வொரு டிஸ்க் வரியின் ஓரத்திலும் சதுர அடைப்புக்குள் டேட்டா வெளியே வரும் வழி எழுதியிருக்கும்: சான் (ஸ்டோரேஜிலிருந்து நேராக), ஹாட்ஆட் (ப்ராக்ஸி விஎம்மில் டிஸ்கைக் கோத்து), என்பிடி (ஹோஸ்டின் நெட்வொர்க் வழியாக) இந்த மூன்றில் ஒன்று. இவ்வளவு வெளிச்சமாக எழுதி வைத்திருந்தும் அதைப் படிக்க ஆளில்லை என்பதுதான் என் குமுறலே.

அந்த அடைப்புக்குள் என்பிடி என்று இருந்தால் கவனியுங்கள். டேட்டா இஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்டின் மேனேஜ்மென்ட் விஎம்கெர்னல் போர்ட் (ஹோஸ்டை நிர்வகிக்க அதற்கே உள்ள நெட்வொர்க் வாசல்) வழியாக வெளியே வருகிறது. நிறைய இடங்களில் 10 ஜிகாபிட் கார்டு வாங்கி விஎம் டிராஃபிக்குக்கும், விஎம்மை ஹோஸ்ட் விட்டு ஹோஸ்ட் மாற்றும் விமோஷனுக்கும் கொடுத்துவிடுவார்கள். மேனேஜ்மென்ட் மட்டும் மதர்போர்டில் வந்த பழைய 1 ஜிகாபிட் போர்ட்டிலேயே கிடக்கும். பேக்கப் அந்த ஒற்றையடிப் பாதையில் நெரிந்துகொண்டு வரும். பக்கத்தில் 10 ஜிகாபிட் சாலை காலியாகக் கிடக்கும். லட்சக்கணக்கில் செலவழித்துவிட்டு ஒரே ஒரு போர்ட்டை மாற்ற மறப்பதா?

மேனேஜ்மென்ட்டை 10 ஜிகாபிட்டுக்கு மாற்றுங்கள். முடியாதென்றால், விஎம்வேரின் விஸ்பியர் 7.0 முதல் பேக்கப்புக்கென்றே தனி விஎம்கெர்னல் போர்ட் வைத்து, பேக்கப் என்எஃப்சி சர்வீஸை அதில் டிக் செய்யும் வசதி இருக்கிறது. அதோடு என்பிடி மோடில் என்க்ரிப்ஷன் சேர்ந்தால் சிபியு செலவும் கூடும். டிஸ்கைப் படிக்க விஎம்வேர் தரும் விடிடிகே நூலகத்தின் பழைய பதிப்பில் ஓடும் சாஃப்ட்வேர் என்றால் அப்டேட் செய்யுங்கள். 6.7 பதிப்பில்தான் என்பிடிக்கு அசிங்க் படிப்பு வந்தது. அதற்கு முன்னால் ஒரு துண்டு போய்ச் சேரும்வரை அடுத்த துண்டு காத்திருக்கும்.

ஹாட்ஆட் மோடில் பேக்கப் ப்ராக்ஸியே ஒரு விஎம். எடுக்க வேண்டிய டிஸ்கை ஹோஸ்ட் அதோடு கோத்துவிடும், ப்ராக்ஸி உள்ளூர் டிஸ்க் மாதிரி படிக்கும். வேகம் நன்றாக வரும். ஆனால் ப்ராக்ஸி ஓடும் ஹோஸ்டுக்கு அந்த டிஸ்க் இருக்கும் டேட்டாஸ்டோர் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பல சாஃப்ட்வேர் சொல்லாமல் கொள்ளாமல் என்பிடிக்கு இறங்கிவிடும். எச்சரிக்கை வரி வந்தாலும் ஜாப் பச்சையாகத்தான் முடியும். பச்சையைப் பார்த்துவிட்டுத் திருப்தியோடு வீட்டுக்குப் போவார்கள். சோதிக்கிற ஒரு ராத்திரிக்காவது அந்தத் தானியங்கி இறக்கத்தை அணைத்து வையுங்கள். ஜாப் தோற்றால்தான் காரணம் வெளியே வரும்.

ஹாட்ஆட்டில் இன்னொரு தலைவலி: ஜாப் பாதியில் செத்தால் கோத்த டிஸ்க் ப்ராக்ஸியிலேயே மாட்டிக்கொண்டு நிற்கும். மூல விஎம்மில் கன்சாலிடேஷன் (டெல்டாவை மூல டிஸ்கோடு சேர்ப்பது) தேவை என்று மஞ்சள் எச்சரிக்கை வரும். ஸ்னாப்ஷாட் சங்கிலி நாளுக்கு நாள் நீளும். நீண்ட சங்கிலியில் படிப்பது ஒவ்வொரு நாளும் இன்னும் மந்தமாகும். ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்று விஎம்வேரே சொல்கிறது. மாதக்கணக்கில் வைத்திருப்பவர்களை என்ன சொல்ல? முதலில் ப்ராக்ஸி விஎம்மின் செட்டிங்கில் அந்நிய டிஸ்க் இருக்கிறதா என்று பார்த்து, அதைக் கழற்றுங்கள். டிஸ்கிலிருந்து ஃபைலை அழிக்கும் ஆப்ஷனை மட்டும் தொட்டுவிடாதீர்கள், அது உயிரோடு இருக்கும் விஎம்மின் டிஸ்க். பிறகு கன்சாலிடேட் கொடுங்கள்.

இன்க்ரிமென்டலும் முழு பேக்கப் அளவுக்கு நேரம் எடுக்கிறதா? மாறிய பிளாக்குகளைக் குறித்து வைக்கும் சிபிடி வேலை செய்யவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். அது இல்லாவிட்டால் 20 ஜிபி மாற்றத்துக்காக 2 டெராபைட்டையும் படித்து ஒப்பிட்டாக வேண்டும். விஎம்மை அணைத்து, ஸ்னாப்ஷாட் எதுவும் இல்லை என்று உறுதி செய்து, சிபிடி ஆப்ஷனை விஎம்முக்கும் ஒவ்வொரு டிஸ்குக்கும் ஃபால்ஸ் ஆக்கி, சிபிடி குறிப்பு வைக்கும் சிடிகே ஃபைல்களை நீக்கி, விஎம்மையும் சிபிடியையும் திரும்ப இயக்குங்கள். அடுத்த ஒரு பேக்கப் முழுதாகப் படிக்கும், பதறாதீர்கள். இன்னொரு பக்கம், சிபிடி ஒழுங்காக இருந்தும் தினமும் 300 ஜிபி மாற்றம் காட்டுகிறதென்றால் விஎம்முக்குள் எட்டிப் பாருங்கள். தினமும் டிஃப்ராக் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், எஸ்கியூஎல் டம்ப்பை அதே டிஸ்கில் போட்டு அழிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ரெண்டுமே பிளாக்குகளைப் புரட்டிப் போடுகிறவை.

இப்போது எழுதும் இடம். மனம் ஆறாத இடம் இதுதான். பல கோடி ரூபாய் டேட்டாவுக்குக் காவல் நிற்கும் பெட்டிக்கு, கிடங்கில் மிச்சம் கிடந்த ஆறு டிஸ்கைக் கோத்துக் கொடுப்பார்கள். 7200 ஆர்பிஎம் டிஸ்க் ஒன்று விநாடிக்குச் சுமார் 80 தாறுமாறான ஐஓ (படிப்பு அல்லது எழுத்து) தாங்கும். ஆறுக்கும் சேர்த்து 480. ரெண்டு டிஸ்க் செத்தாலும் டேட்டா தங்கும்படி டிஸ்குகளைச் சேர்க்கும் ரெய்டு 6 என்றால் ஒரு சின்ன எழுத்துக்குப் பின்னால் 6 டிஸ்க் ஐஓ. முழு பேக்கப்பையே புதுப்பித்து, பழைய பிளாக்கைத் தனியே ஒதுக்கும் ரிவர்ஸ் இன்க்ரிமென்டல் வைத்திருந்தால் ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு படிப்பு, ரெண்டு எழுத்து. அதாவது 1 கூட்டல் 12, ஆக 13 ஐஓ. 480-ஐ 13-ஆல் வகுத்தால் விநாடிக்கு 37 பிளாக். பிளாக் 1 மெகாபைட் என்றால் 37 மெகாபைட் வேகம். கேஷ் கொஞ்சம் தூக்கிவிடும், அவ்வளவுதான். இந்த ஸ்டோரேஜுக்கு முன்னால் 10 அல்ல, 100 ஜிகாபிட் போட்டாலும் 37 அதே 37.

மாற்றத்தைத் தனி ஃபைலாக எழுதும் ஃபார்வர்ட் இன்க்ரிமென்டலுக்கு மாற்றினால் எழுத்து வரிசையாகப் போகும், அதே டிஸ்குகள் பல மடங்கு வேகம் தரும். இருக்கும் பேக்கப்புகளிலிருந்தே முழு பேக்கப் கட்டும் சிந்தெடிக் ஃபுல் வேண்டுமென்றால், பேக்கப் வைக்கும் ரிப்பாசிட்டரியை ரீஃப்லிங்க் உள்ள எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில் 4 கேபி பிளாக்கோடு அமையுங்கள், விண்டோஸ் என்றால் ஆர்இஎஃப்எஸ் 64 கேபி கிளஸ்டரில். டேட்டாவை நகலெடுக்காமல் சுட்டிக்காட்டியே ஃபுல் கட்டிவிடும். ரெய்டு கார்டின் பேட்டரியையும் பாருங்கள். அது செத்துவிட்டால் கார்டு, கேஷில் வாங்கிவிட்டுப் பிறகு எழுதும் ரைட்-பேக்கை விட்டு, டிஸ்கில் எழுதும்வரை காத்திருக்கும் ரைட்-த்ரூவுக்குப் போய்விடும், வேகம் ஒரே நாளில் படுத்துவிடும். தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து எழுதும் எஸ்எம்ஆர் டிஸ்கை பேக்கப் ரெய்டில் போடவே போடாதீர்கள். முதல் கொஞ்ச நேரம் பறக்கும், உள் கேஷ் நிரம்பியதும் தவழும்.

விஎம் ஓட்டும் இன்னொரு சிஸ்டமான ப்ராக்ஸ்மாக்ஸில் கதை வேறு. அங்கே ஓடும் விஎம், இன்னும் பேக்கப் ஆகாத பிளாக்கில் எழுத வந்தால், விஎம்மை ஓட்டும் க்யூஎம்யு பழைய பிளாக்கை முதலில் பேக்கப் டார்கெட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் எழுத விடும். டார்கெட் மந்தமானால் பேக்கப் மட்டுமல்ல, விஎம்மே தவிக்கும். 2024-இல் வந்த 8.2 பதிப்பிலிருந்து ஃப்ளீசிங் என்ற ஆப்ஷன் இருக்கிறது. வேகமான உள்ளூர் எஸ்எஸ்டி ஸ்டோரேஜைக் காட்டினால் பழைய பிளாக்குகள் அங்கே ஒதுங்கும், விஎம் காத்திருக்காது. ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வருக்கு எடுக்கும்போது மாறிய பிளாக்குகளைக் குறிக்கும் டர்ட்டி பிட்மேப், ஓடும் ப்ராசஸின் மெமரியில் இருப்பது. விஎம்மை ஷட்டவுன் செய்து திரும்ப ஏற்றினால் போய்விடும், மறுநாள் முழு டிஸ்கையும் படிக்கும். உள்ளிருந்து ரீபூட் செய்தால் தங்கும்.

அந்த பேக்கப் சர்வர் இல்லாமல் ப்ராக்ஸ்மாக்ஸின் சாதாரண விசட்டம்ப் கருவியில் எடுக்கிறீர்கள் என்றால் கம்ப்ரஷனைப் பாருங்கள். ஜிசிப் ஒரே கோரில் ஓடும். இசட்எஸ்டிடியும் இயல்பில் ஒரு த்ரெட்தான். விசட்டம்ப் கான்ஃபிக் ஃபைலில் இசட்எஸ்டிடிக்கு 0 கொடுத்தால் இருக்கும் கோர்களில் பாதியை எடுத்துக்கொள்ளும். அதே ஃபைலில் யாரோ எப்போதோ போட்டு மறந்த பேண்ட்விட்த் வரம்பு கிடக்கிறதா என்றும் பாருங்கள், அது விநாடிக்குக் கிபிபைட் கணக்கு. ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் விஎம் டிஸ்கை 4 மெபிபைட் துண்டுகளாக வைக்கும். 1 டெபிபைட்டுக்கு 2,62,144 துண்டு. இதைச் சுழலும் டிஸ்கிலோ என்எஃப்எஸ் மவுண்டிலோ வைத்துவிட்டு, வெரிஃபை ஏன் இழுக்கிறது, வேண்டாத துண்டை நீக்கும் கார்பேஜ் கலெக்‌ஷன் ஏன் முடியவில்லை என்று கேட்பது நியாயமா? எஸ்எஸ்டி வாங்குங்கள். முடியாவிட்டால் இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில் மெட்டாடேட்டாவுக்கு (ஃபைல்களைப் பற்றிய குறிப்புகளுக்கு) எஸ்எஸ்டி மிரரை ஸ்பெஷல் டிவைஸாகச் சேருங்கள்.

அளப்பதிலும் பொய் வேண்டாம். டிடி கட்டளையில் வெறும் பூஜ்யங்களை எழுதிப் பார்த்துவிட்டு "2 ஜிபி வேகம் வருதே" என்பார்கள். கம்ப்ரஷன் உள்ள ஃபைல் சிஸ்டத்தில் பூஜ்யம் டிஸ்குக்கே போகாது. டிஸ்க் வேகம் பார்க்கும் எஃப்ஐஓவில் 512 கேபி பிளாக், டைரக்ட் ஐஓ, ரேம் அளவைவிடப் பெரிய ஃபைல் வைத்து அளந்து பாருங்கள். நெட்வொர்க்குக்கு ஐபெர்ஃப்3, நாலு ஸ்ட்ரீம், 30 விநாடி, ரெண்டு திசையிலும். பெரிய பாக்கெட்டான ஜம்போ ஃப்ரேம் போட்டிருந்தால் துண்டாக்கத் தடை போட்டு 8972 பைட்டில் பிங் அடியுங்கள். நடுவில் ஒரு ஸ்விட்ச் 1500-இல் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

கடைசியாக ஒன்று, இதற்குத்தான் யாருமே நேரம் ஒதுக்குவதில்லை. ரெஸ்டோரை அளந்தீர்களா? சான் மோடில் பேக்கப் பறந்தாலும், எழுத எழுத மட்டும் இடம் பிடிக்கும் தின் டிஸ்கை அதே வழியில் திருப்பி எழுதும்போது இடம் ஒதுக்க ஒவ்வொரு முறையும் விஎம்வேரின் நிர்வாக சர்வரான வீசென்டரைக் கேட்க வேண்டியிருப்பதால் வேகம் விழும். அந்த வேளைக்கு ஹாட்ஆட் ப்ராக்ஸி ஒன்று தயாராக இருக்க வேண்டும். இந்தச் சனிக்கிழமையே 500 ஜிபி விஎம் ஒன்றை வேறு பெயரில், நெட்வொர்க்கைத் துண்டித்து, ரெஸ்டோர் செய்யுங்கள். எத்தனை மணி நேரம் ஆனது என்று எழுதி, அந்தத் தாளை லைசென்ஸ் கொட்டேஷன் கேட்கும் மேலாளர் மேசையில் வையுங்கள்.