ஓட்டுநர் பெயரில் ஒரு வில்லா

ஞாயிற்றுக்கிழமை காரைக்குடி மண்டபத்தில், வெளிநாட்டு வில்லா விற்கும் முகவர் படம் போட்டுக் காட்டிய கூட்டத்தில் நடந்ததற்கு இன்னும் எனக்குக் கண்டனம் வந்துகொண்டிருக்கிறது. "சபையில் அப்படிக் கேட்கலாமா ஆச்சி?" நான் கேட்டது ஒரே கேள்வி. இந்தோனேசியாவின் பாலித் தீவில் நம் பிள்ளைகள் வாங்கிய வில்லா யார் பெயரில் இருக்கிறது? முகவர் பதில் சொல்லாமல் திரையில் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். கொழுந்தனார் மகன்தான் சிங்கப்பூரிலிருந்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பதில் எழுதினான்: "வயிற்றெரிச்சல்."

வயிற்றெரிச்சலாகவே இருக்கட்டும். பத்திரம் யார் பெயரில்?

இந்தோனேசியாவின் 1960 ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி, முழு உரிமையோடு நிலம் வாங்க வெளிநாட்டவரால் முடியாது. குறிப்பிட்ட காலத்துக்கான பயன்பாட்டு உரிமை உண்டு, குத்தகை உண்டு. அப்படி வாங்கியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். இவர்கள் செய்திருப்பது வேறு. உள்ளூர் ஓட்டுநர் பெயரில் பத்திரம். அவருக்குக் கடன் கொடுத்ததுபோல் ஓர் ஒப்பந்தம். மேலுக்கு ஒரு பவர் பத்திரம். இப்படிச் சுற்றி வளைத்து வெளிநாட்டவர் கைக்கு நிலத்தைக் கொண்டுபோவதும் செல்லாது என்று அதே சட்டத்தின் 26 ஆம் பிரிவு சொல்கிறது. நிலம் அரசுக்குப் போகும். கொடுத்த பணத்தையும் திருப்பிக் கேட்க முடியாது.

"எல்லோரும் இப்படித்தான் வாங்குகிறார்கள்" என்பீர்கள். வாங்கட்டும். "வக்கீல் எழுதிக் கொடுத்தார்" என்பீர்கள். வக்கீலுக்குக் கூலி வந்துவிட்டது, அவருக்கென்ன. துபாயை இழுக்காதீர்கள், அங்கே 2002 முதல் குறிப்பிட்ட பகுதிகளில் வெளிநாட்டவர் தம் பெயரிலேயே வாங்கலாம். என் சண்டை அதோடு இல்லை.

தேவகோட்டையில் ஐயா வீட்டு இரண்டாங்கட்டில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. உள்ளே பர்மிய எழுத்தில் அடமானப் பத்திரங்கள். குண்டூசி துருப்பிடித்துத் தாளில் பழுப்பு வட்டமாக இறங்கியிருக்கும். ஆயா அவற்றை வெயிலில் காயவைத்து, வேப்பிலை போட்டு மறுபடி அடுக்குவார்கள். அத்தனையும் முறையான பத்திரங்கள், அந்தக் காலத்துச் சட்டப்படி பதிவானவை. 1930-களில் நெல் விலை விழுந்து விவசாயி கடன் கட்ட முடியாமல் போக, நிலம் பர்மாவில் வட்டிக்குக் கொடுத்த நம் செட்டியார் லேவாதேவிக்காரர் கைக்கு வந்தது. 1937 வாக்கில் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்பங்கு வயல் நம்மவரிடம் இருந்தது. அந்த ஊர் மக்களுக்கு அதை எந்தக் கண்ணால் பார்க்கத் தோன்றியிருக்கும்? 1948-இல் நிலத் தேசியமயச் சட்டம் வந்தது. சட்டப்படி வந்த நிலமே நிற்கவில்லை. ஓட்டுநர் பெயரில் இருக்கும் நிலம் நிற்குமா?

இங்கிருந்து பணம் அனுப்பிய அண்ணன்மாருக்கும் ஒன்று. வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் இருந்தவள் சொல்கிறேன். ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம் என்பதோடு கதை முடிவதில்லை. வெளிநாட்டுச் சொத்தை வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் 2015 ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம். ஓட்டுநர் பெயரில் இருப்பதை எப்படிக் காட்டுவீர்கள்? உங்களுடையது என்றால் அங்கே வம்பு, இல்லை என்றால் இங்கே வம்பு.

அந்த ஓட்டுநரைப் பற்றி யாராவது நினைத்தீர்களா? நாளை வழக்கு வந்தால் அங்கே நிற்கப்போகிறவர் அவர்தான். மண்டபத்தில் அவரை "நம்ம ஆள்" என்று சொல்லிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கானாடுகாத்தானில் வெளியூர்க்காரர் ஒரு வீட்டை விலைபேசினால் "நம் ஊர் போச்சே" என்று புலம்புகிறவர்களும் இவர்கள்தான். நம் பூர்வீக வளவு வீட்டில் ஓடு வழியாக மழை உள்ளே இறங்குகிறது. ஓடு மாற்றப் பங்காளிகளின் கையெழுத்து வேண்டுமென்று எத்தனை வருடமாகக் கேட்கிறோம்? "அடுத்த முறை வரும்போது பார்க்கலாம் பெரியம்மா" என்பான் அந்தச் சிங்கப்பூர்ப் பிள்ளை. போன மழையில் பட்டாலைக் கூடத்துத் தேக்குத் தூண் அடியில் உளுத்துவிட்டது. அதற்குப் பணம் கேட்டால் யாரிடமும் இல்லை. பாலிக்கு மட்டும் இருக்கிறது. இதைச் சொன்னதற்குத்தான் குழுவிலிருந்து என்னை நீக்கினார்கள்.

தம்பி, நீ இதைப் படிப்பாய், எனக்குத் தெரியும். என்னைத் திட்டி முடித்ததும், முகவர் சொன்ன வக்கீலை விட்டுவிட்டு அந்த ஊரில் வேறொரு வக்கீலிடம் பத்திரத்தைக் காட்டு. அந்த ஓட்டுநருக்கு மனைவி இருக்கிறாளா, எத்தனை பிள்ளைகள் என்றும் கேட்டுக்கொள்.