ஐரோப்பிய பெண்கள் இன்டோர் ஹாக்கியோட ரெண்டாவது டிவிஷன் பத்தி கொஞ்சம் பேசணும்

ஹாக்கி பார்க்குறவங்கள்லயே இன்டோர் பார்க்குறவங்க கம்மி, அதுலயும் பெண்கள் இன்டோர், அதுலயும் ஐரோப்பாவோட ரெண்டாவது டிவிஷன்னு சொன்னா "அப்படி ஒண்ணு நடக்குதா"ன்னுதான் கேப்பாங்க. நடக்குதுங்க. யூரோஹாக்கி இன்டோர் சாம்பியன்ஷிப் 2ன்னு பேரு, முன்னாடி டிராஃபின்னு சொல்லிட்டு இருந்தாங்க. வழக்கமா எட்டு டீம், ஒரு ஹால், ஒரு வீக்கெண்டோட முடிஞ்சிடும். இந்த டோர்னமென்ட்டுக்கு ஹாக்கி உலகம் குடுக்குற மதிப்பு ரொம்ப கம்மி, எனக்கு அதுல நிஜமாவே கோவம் இருக்கு, அதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

ஆட்டமே பார்க்காதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். ஹேண்ட்பால் ஆடுற அளவு கோர்ட்தான், 36 மீட்டர்ல இருந்து 44 மீட்டர் நீளம், அகலம் 18ல இருந்து 22. கீப்பரோட சேர்த்து ஆறு பேர். ரெண்டு சைடுலயும் 10 செ.மீ உயரத்துக்கு மரக்கட்டை வச்சிருப்பாங்க, பந்து அதுல பட்டு உள்ளயே திரும்பிடும். வெளி மைதானத்துல அடிக்கிற மாதிரி ஸ்டிக்கை ஓங்கி அடிக்கவே கூடாது, புஷ், அதாவது ஸ்டிக்கால தள்ளுறது மட்டும்தான். கோல் போட டி-க்குள்ள (கோலுக்கு முன்னாடி இருக்குற வளைவுக் கோட்டுக்குள்ள) இருந்து ஷாட் எடுக்கும்போது தவிர பந்து தரையை விட்டு எழும்பவும் கூடாது. அதனால பலத்தை வச்சு ஒண்ணும் நடக்காது, முழுக்க கோணமும் கால் வேகமும்தான்.

ஒரு டிஃபெண்டரை மட்டும் ரெண்டு நிமிஷம் பாருங்க. முட்டி மடங்கி, முதுகு வளைஞ்சு, ஸ்டிக்கை தரையோட தரையா படுக்க வச்சிருப்பா, இடது கைல தடியா ஒரு கிளவுஸ், ஏன்னா விரலும் தரையும் உரசிக்கிட்டேதான் இருக்கும். ஆனா முட்டியை தரையில ஊனி பந்தை ஆடினா ஃபவுல். அந்த நிலையிலயே பக்கவாட்டுல ஓடணும், எதிராளி கட்டையில பந்தை தட்டி தன்னை சுத்தி எடுத்துட்டு போயிடாம பார்த்துக்கணும், மூலையில மாட்டுனா இன்னொருத்தி வந்து அடைக்கிற வரைக்கும் பிடிச்சு வைக்கணும். தொடை எரியும்ங்க. பத்து பத்து நிமிஷமா நாலு குவார்ட்டர் இது, சில நாள்ல ஒரே நாள்ல ரெண்டு மேட்ச்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இந்த டிவிஷன்ல வழக்கமா முதல் ரெண்டு இடம் பிடிக்கிற டீம் முதல் டிவிஷனுக்கு மேல போகும், கடைசி ரெண்டு இடம் மூணாவது டிவிஷனுக்கு இறங்கணும். ரெண்டு குரூப்பா நடக்குற லீக் முடிஞ்சதும் பின்தங்குன நாலு டீமும் ஒண்ணா மோதும், ஏற்கனவே தங்களுக்குள்ள ஆடுன மேட்ச் ரிசல்ட் அப்படியே கூட வரும். அதாவது வெள்ளிக்கிழமை தூக்கக் கலக்கத்துல விட்ட ஒரு கோல் ஞாயித்துக்கிழமை வந்து கழுத்தைப் பிடிக்கும். அடுத்த போட்டி எப்பன்னு பார்த்தா பெரும்பாலும் ரெண்டு வருஷம் கழிச்சு! வேலைக்கு லீவு சொல்லிட்டு, பரீட்சைக்கு நடுவுல வந்து ஆடுற பொண்ணுங்க இதுல நிறைய பேர், 24 வயசுல இறங்குனா திரும்ப ஏறி மேல் டிவிஷன் ஆடுறப்போ அந்த டீம்ல பாதி பேர் இருக்க மாட்டாங்க. இதனாலதான் ஏழாவது இடத்துல யாரு, ஆறாவது இடத்துல யாருன்னு தீர்மானிக்கிற மேட்ச்ல கடைசி ரெண்டு நிமிஷம் கீப்பரை வெளிய எடுத்துட்டு ஆறு பேரும் ஃபீல்டு பிளேயரா ஏறி ஆடுறதை பார்த்தா எனக்கு எந்த ஃபைனலும் அதுக்கு ஈடில்லன்னு தோணும்.

"சின்ன நாடுங்க, சின்ன ஆட்டம், யார் பார்ப்பா"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு கணக்கு. பெண்கள் இன்டோர் உலகக் கோப்பை 2003ல லைப்சிக்ல ஆரம்பிச்சுது. முதல் ஆறு கோப்பையையும் ஜெர்மனியும் நெதர்லாந்தும் மாத்தி மாத்தி எடுத்துக்கிட்டாங்க, வேற யாருக்கும் இடமே இல்ல. 2025ல குரோஷியாவோட போரெச்ல ஜெயிச்சது யாரு? போலந்து. ஃபைனல்ல எதிர்ல நின்னது ஆஸ்திரியா. இந்த ரெண்டு நாட்டு பெண்களும் ஒலிம்பிக் ஹாக்கி கடைசியா ஆடுனது 1980 மாஸ்கோ, நம்ம பொண்ணுங்க நாலாவது வந்தாங்களே அதே ஒலிம்பிக்ஸ்தான். அதுக்கு முன்னாடி 2020ல மின்ஸ்க்ல ஐரோப்பிய இன்டோர் பட்டத்தை எடுத்தது பெலாரஸ். வெளி மைதானத்துல பெரிய பணக்கார நாடுகளோட போட்டி போட முடியாதவங்க ஒரு ஹாலும் நல்ல கோச்சும் இருந்தா உச்சிக்கு வர முடியும்னு இதை விட என்ன சாட்சி வேணும். குளிர்காலத்துல டர்ஃப் உறைஞ்சு கிடக்கும்போது ஸ்கூல் ஜிம்லயே ஆடி வளர்ந்த ஆட்டம் இது, செலவும் கம்மி.

இவ்ளோ அழகா மேல கீழ ஏறி இறங்குற ஒரு ஏணி ஏற்கனவே இருக்கும்போது உலக ஹாக்கி ஃபெடரேஷன் ஹாக்கி ஃபைவ்ஸ்னு, டீமுக்கு அஞ்சு பேர் ஆடுற தனி வடிவத்தை தூக்கிப் பிடிச்சு 2024ல மஸ்கட்ல அதுக்கு உலகக் கோப்பையும் வச்சாங்க. இந்திய பெண்கள் அதுல ஃபைனல் வரைக்கும் போனாங்க, எனக்கும் சந்தோஷம்தான், ஆனா அந்த கவனத்துல கொஞ்சம் இன்டோருக்கு வந்திருந்தா எப்படி இருந்திருக்கும்! உலகக் கோப்பையில 12 டீம்தான். ரெண்டாவது டிவிஷன்ல முதல் இடம் வந்தாலும் நேரா அங்க போக வழி இல்ல, மேல ஏறி அங்கயும் நல்லா ஆடணும், அதுக்கு இன்னொரு சுற்று காத்திருக்கணும். ரெண்டாவது டிவிஷன் சாம்பியனுக்கு ஒரு தகுதி மேட்ச்சாவது குடுக்கலாம். வருஷா வருஷம் நடத்தலாம். எல்லா மேட்ச்சுக்கும் ரெண்டு கேமரா, ஒரு கமெண்டேட்டர் போடலாம், ஹால் சின்னது, பெரிய செலவே இல்ல.

நம்ம ஊர்ல ஹாக்கி தெரிஞ்சவங்க ஒரு தடவை யூடியூப்ல தேடி ஒரு முழு மேட்ச் பாருங்க, ஹைலைட்ஸ் வேணாம். முடிஞ்சா ஞாயித்துக்கிழமை மேட்ச்சா எடுங்க, கடைசி நாலு டீமுக்குள்ள நடக்குறது. பார்த்துட்டு கமெண்ட்ல சொல்லுங்க, பேசுவோம்.